தனியா நின்ன அஞ்சு

உக்காருங்க அண்ணாச்சி. வெயிலு இந்தப் பக்கந்தான் அடிக்கும், பரவாயில்லையா? எங்க எறங்கணும்? அப்படியா, நல்ல ஊராச்சே. அங்க எந்தத் தெரு? சும்மாதான் கேட்டேன். தெரு பேரைச் சொன்னா ஆளைச் சொல்லிருவேன், அப்படி ஒரு பழக்கம் நமக்கு. சரி, பைய சொல்லுங்க.

நான் கணக்கு வாத்தியாரு. ஆவுடையப்பன்னு பேரு. பள்ளிக்கூடம் எதுன்னு சொல்ல வேண்டாம், பேப்பர்லயே வந்துட்டுது. நாளைக்குக் காலையில விசாரணை. நான் வேலையில இருக்கணுமா, வீட்டைப் பாத்துப் போகணுமாங்கிறது ஒரு பெய வாயில இருக்கு. என்கிட்ட ஒன்பதாங் கிளாஸ் படிக்கிற பெய. ஆஸ்பத்திரில கெடக்கான், அவனைப் பாத்துட்டுத்தான் வாரேன். எத்தனை பேரைக் கதறவிட்ட வாத்தியாரு, ஒரு பெய கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு கெஞ்சிட்டு வாரேன் அண்ணாச்சி. எனக்கு இது வேணும்.

ஒண்ணு கேக்கேன், நீங்களே சொல்லுங்க. மூணு எக்ஸையும் ரெண்டு ஒய்யையும் கூட்டினா என்ன வரும்? ஒண்ணும் வராது! மூணு எக்ஸ் கூட்டல் ரெண்டு ஒய், அப்படியே கெடக்கும், அதுதான் விடை. எக்ஸு வேற, ஒய்யு வேற. எக்ஸை எக்ஸோட கூட்டு, ஒய்யை ஒய்யோட கூட்டு. ஒத்த உறுப்புகளைத்தான் கூட்டணும். ஏழாங் கிளாஸ் கணக்கு இது. என் கிளாசுல இருக்கிற எருமை மாடுக அம்புட்டும் அஞ்சு எக்ஸ்ஒய்யின்னு எழுதி வச்சிருக்கும். ஒன்பதாங் கிளாசுல!

அதைப் பாத்தாலே எனக்கு மண்டைக்குள்ள சுர்ருன்னு ஏறும். கொம்பையான்னு ஒருத்தன். நல்ல ஒசரம், நல்ல உடம்பு, கபடில ராஜா. கணக்குல மட்டும் மண்ணு. அவன் பிடதியைப் பிடிச்சு போர்டுல மோதுவேன். போர்டுல எழுதின எக்ஸு ஒய்யி எல்லாம் அவன் நெத்தில ஒட்டிக்கிடும். கிளாஸே சிரிக்கும், அவனும் சிரிப்பான். ஒரு தடவை மூக்குல ரத்தம் வந்துச்சு, அவனே தொடச்சிக்கிட்டு உக்காந்துட்டான். அவங்க அம்மாகிட்டச் சொல்லவே இல்ல. அந்த மாதிரி ஒரு பாசம் எங்களுக்குள்ள.

இப்ப அடிக்கக் கூடாதாம். பிரம்பைத் தொடக் கூடாதாம். சர்க்குலர் வந்திருக்கு. சர்க்குலர் போட்டவன் வந்து இந்தப் பயலுவளுக்கு ஒத்த உறுப்பு நடத்திப் பாக்கட்டும். நானும் அடிக்காமச் சொல்லிப் பாத்தேன் அண்ணாச்சி. மூணு மாம்பழம், ரெண்டு வாழப்பழம், சேத்துக் கூட்ட முடியுமாலன்னேன். ‘அஞ்சு பழம் சார்’ங்கான். சரி மூணு மாடு, ரெண்டு ஆடுன்னேன். ‘அஞ்சு உருப்படி சார்’ங்கான். கொல்லணும்னு வருமா வராதா?

அன்னைக்கும் அப்படித்தான். போர்டுல எழுதிப் போட்டேன். நாலு எக்ஸ், மூணு ஒய், ரெண்டு எக்ஸ், ஒரு ஒய், கடைசில ஒரு அஞ்சு. எல்லாத்தையும் கூட்டுலன்னேன். கொம்பையா வந்து பதினஞ்சு எக்ஸ்ஒய்யின்னு எழுதினான். அந்த அஞ்சையும் விட்டு வைக்கல, எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! பிரம்பை எடுத்துட்டேன். கையை நீட்டுலன்னேன். நீட்டினான். மணிக்கட்டுல மஞ்சக் கயிறு.

அங்கனதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்க பக்கத்துப் பயலுவ கையில கயிறு கட்டுவானுவ. ஒவ்வொரு ஆளுவளுக்கு ஒரு கலரு. எங்க ஊர்ல மஞ்சக் கயிறுன்னா ஒரு தெரு, பச்சைன்னா இன்னொரு தெரு. அவனவன் கபடி பனியனும் அந்தக் கலருதான், சைக்கிள்ல சுத்தியிருக்கிற டேப்பும் அந்தக் கலருதான். கயித்தைக் கழட்டச் சொல்லி அதுக்கும் ஒரு சர்க்குலர் வந்துச்சு. கேட்டா, ‘கோயில் கயிறு சார்’ம்பானுவ. சாமி சமாச்சாரம், நாம என்னத்தச் சொல்ல? நான் எதையும் பாக்கிறது இல்ல. எனக்கு எல்லாப் பயலும் ஒண்ணுதான். இதையா பாக்கீய? என் கையில கெடக்கிறது வேற அண்ணாச்சி, இது எங்க குலதெய்வம் கோயில்ல மந்திரிச்சது.

பிரம்பைக் கீழ போட்டேன். ‘ஏல, மஞ்சக் கயிறு கட்டினவன்லாம் எந்திரி. இந்தச் சொவரோரமா வா’ன்னேன். வந்தானுவ. ‘பச்சைக் கயிறு, அந்தச் சொவரோரமா போ’ன்னேன். போனானுவ. ‘மஞ்சதான் எக்ஸு. பச்சைதான் ஒய்யி. ஏல கொம்பையா, இப்பச் சொல்லு. நாலு எக்ஸும் மூணு ஒய்யும் சேருமால?’

அவன் அந்தப் பக்கத்தைப் பாத்தான். இந்தப் பக்கத்தைப் பாத்தான். ‘எப்படி சார் சேரும்?’ன்னான்.

அண்ணாச்சி, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! என் சர்வீஸ்ல ஒரு வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்துல ஒரு கணக்கைப் புரிஞ்சிக்கிட்டது அன்னைக்குத்தான். மாம்பழத்துல புரியாதது, மாட்டுல புரியாதது, கயித்துல புரிஞ்சிட்டு. நாலு எக்ஸும் ரெண்டு எக்ஸும்னேன், ‘ஆறு எக்ஸ்’னு மஞ்சச் சொவரு கத்துது. மூணு ஒய்யும் ஒரு ஒய்யும்னேன், ‘நாலு ஒய்’னு பச்சைச் சொவரு அதுக்கு மேல கத்துது. பக்கத்துக் கிளாஸ் டீச்சரு வந்து எட்டிப் பாத்தாவ. நான் பெருமையா நிக்கேன்.

நவநீதன் மட்டும் பெஞ்சுல உக்காந்திருந்தான்.

இவன்தான் இப்ப ஆஸ்பத்திரில கெடக்கிறவன். போன வருசந்தான் வந்து சேந்தான். அப்பன் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுல இருந்து செத்துப்போயிட்டான், தாய்க்காரி ஊர்ப் பக்கமே வந்து மெயின் ரோட்டுல வாடகைக்கு இருந்துக்கிட்டு பீடி சுத்துதா. எந்தத் தெருவுலயும் வீடு எடுக்கல, கவனிங்க. மெயின் ரோட்டுல. பெய கெட்டிக்காரன். கணக்குல நூத்துக்கு நூறு. கொம்பையாவுக்கு அவன்தான் எல்லாம். ஒரே பெஞ்சு, ஒரே டிபன். கொம்பையா வீட்டு இட்லியை இவன் திம்பான், இவன் வீட்டுப் புளிசாதத்தை அவன் திம்பான். சித்திரைக் கொடைத் திருவிழாவுக்குக் கொம்பையா இவனைக் கூட்டிட்டுப் போயி, அவங்க கோயில் சப்பரத்தையே தோளுல தூக்க வச்சிருக்கான். அவ்வளவு ஒட்டுதல்.

‘ஏல, நீ என்னல உக்காந்திருக்க? உன் கயிறு எங்க?’ன்னேன்.

‘கட்டல சார்.’

‘கட்டலன்னா? எந்தப் பக்கம் சேருவ நீ?’

எந்திரிச்சான். போர்டைப் பாத்தான். ‘கடைசில ஒரு அஞ்சு இருக்குல்லா சார். அதுக்குப் பக்கத்துல எக்ஸும் கெடையாது, ஒய்யும் கெடையாது. அது எதோடயும் சேராது, தனியா நிக்கும். நான் அந்த மாறிலி சார்’ன்னான்.

கிளாஸே சிரிச்சுது. கொம்பையா விசிலடிச்சான்.

சரியான பதில்தான், நான் இல்லைங்கல. ஆனா என்ன திமிரு பாத்தீயளா? நான் ஒரு பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன், இவன் எனக்குப் பாடம் நடத்துதான்! என்னை மடக்கிட்டானாம். எல்லாப் பயலும் என் மூஞ்சியைப் பாக்கானுவ. எனக்கு முகமெல்லாம் தீயா எரியுது. கீழ கெடந்த பிரம்பை எடுத்தேன். முட்டிக்குக் கீழ ஒண்ணு வச்சேன். அசையல. இன்னும் ஒண்ணு வச்சேன். ‘சொல்லுல, எந்தப் பக்கம்?’ங்கேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு நிக்கான். கொம்பையா அங்கேருந்து, ‘விடுங்க சார், அவன் எங்க கூட வரட்டும் சார்’ங்கான். வரலாமா? கணக்குன்னா கணக்கு. மஞ்சளுக்கு எப்படி வருவான் அவன்?

எனக்குத்தான் தெரியுமே. பெயலைச் சேக்க வந்த அன்னைக்கே தாய்க்காரியைப் பக்குவமா விசாரிச்சுட்டேன். பொறந்த ஊரு எது, அங்க கெணறு எந்தப் பக்கம், உங்க அண்ணன் தம்பி என்ன வேலை பாக்காவ. அவ மழுப்பினா. மழுப்பினாலும் நமக்குத் தெரியாமப் போயிருமா?

சொன்னேன். ‘ஏல, உங்க ஆத்தா பொறந்த ஊரும் தெரியும், தெருவும் தெரியும். நீ ஒய்யில. போ, பச்சையோட போயி நில்லு’ன்னேன். சொல்லிட்டு, கையைப் பிடிச்சு இழுத்துக் கொண்டுபோயி பச்சைச் சொவத்துல நிறுத்தினேன்.

அவ்வளவுதான் அண்ணாச்சி நான் செஞ்சது. ஒரு உறுப்பை அதோட எடத்துல கொண்டுபோயி நிறுத்தினேன். ஒண்ணை விட்டுட்டா கூட்டுத்தொகை தப்பால்ல போயிரும்?

 கொம்பையா மூஞ்சியை நான் பாத்தேன். போர்டுல மோதும்போதுகூட அந்த மூஞ்சி அப்படி ஆனதில்ல. நான் என்ன நெனச்சேன்னா, பெயலுக்குக் கணக்கு நல்லா மண்டைல ஏறிட்டுதுன்னு நெனச்சேன்.

அன்னைக்குச் சாயந்திரமே ஊருக்குள்ள பேச்சாயிட்டு. யாரு சப்பரத்தைத் தொட்டது, யாரு கூட்டிட்டு வந்தது, யாரு வீட்டு அடுப்படி வரைக்கும் போனது. கொம்பையாவை அவன் மாமன் விளக்குத்தூண்ல கட்டிவச்சு அடிச்சிருக்கான். பெல்ட்டால. முதுகு பூரா வரி வரியா. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தான், சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பழைய பெஞ்சுல உக்காரல, மஞ்சக் கயிறு பயலுவ பக்கம் போயி உக்காந்தான். அது வரைக்கும் எல்லாரும் கலந்துதான் உக்காந்திருந்தானுவ, அன்னைலேருந்து கிளாஸு ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. ரெண்டு பக்கத்துலயும் காம்பஸாலக் குத்திக்கிட்டானுவ. ஒருத்தன் தொடைல குத்தி வளைஞ்சு போச்சு காம்பஸு. நான் ரெண்டு பக்கமும் சமமா வெளுத்தேன். பாரபட்சம்லாம் நமக்குக் கெடையாது.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்த வாரம் டெஸ்ட்டுல ஒரு பெய அஞ்சு எக்ஸ்ஒய்யின்னு எழுதல. ஒருத்தன்கூட.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம். நான் சைக்கிள் ஸ்டாண்டுல வண்டியை எடுத்துக்கிட்டு நிக்கேன். நவநீதன் குனிஞ்சு பூட்டைத் திறக்கான். பின்னாலேருந்து கொம்பையா வந்தான். சாக்குல சுத்தி அருவா வச்சிருந்தான். வாழை வெட்டுற அருவா. முதல் வெட்டு புத்தகப் பையில விழுந்துச்சு. பை ரெண்டாப் பிளந்து நோட்டெல்லாம் கொட்டுச்சு. நவநீதன் திரும்பிட்டான். திரும்பி, கையைத் தூக்கினான் தடுக்க. வலது கை.

விரல் தெறிச்சு விழுந்துச்சு அண்ணாச்சி. என் செருப்புக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு ஒண்ணு.

நான் கத்தினேன். ‘ஏல, நிறுத்துங்கல’ன்னு கத்தினேன். பிரம்பு கையில இல்ல, ஸ்டாஃப் ரூம்ல இருந்துச்சு. இருந்திருந்தா விட்டிருப்பேனா? கொம்பையா அழுதுக்கிட்டே வெட்டுதான். ‘எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல’ன்னு சொல்லிச் சொல்லி வெட்டுதான். தோளுல ஒண்ணு, முழங்கையில ஒண்ணு. நவநீதன் கீழ விழுந்த பொறவும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதான், ‘கொம்பையா, கொம்பையா’ன்னு. வேற யாரையும் கூப்பிடல. நான் அங்கனதான் நிக்கேன், என்னைக்கூடக் கூப்பிடல. கடைசில அருவாவைப் போட்டுட்டு அந்த ரத்தத்துக்குள்ளயே உக்காந்துட்டான் கொம்பையா. போலீஸு வந்து தூக்குற வரைக்கும் உக்காந்திருந்தான்.

இதுல என்னை எதுக்கு இழுக்கணும்? வெட்டினவன் அவன், வெட்டுப்பட்டவன் இவன். யாரோ ஒரு பெய போயிச் சொல்லியிருக்கான், கணக்கு வாத்தியாருதான் கிளாஸ்ல வச்சு சாதியைச் சொன்னாருன்னு. சாதிங்கிற வார்த்தையையே நான் வாயில எடுக்கல! எக்ஸுன்னேன், ஒய்யின்னேன். ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘ஆவுடையப்பன், அந்தப் பையன் என்ன சொல்லுதானோ அதுதான். அவன் இல்லைன்னுட்டா நீங்க பொழைச்சீங்க’ன்னாரு. அதான் இன்னைக்குக் கெளம்பிப் போனேன்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். வலது கை தலையணை கணக்கா இருந்துச்சு. தாய்க்காரி கால்மாட்டுல உக்காந்திருந்தா. நான் வந்ததும் எந்திரிச்சா, மரியாதை தெரிஞ்சவ. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு, காலு முறிஞ்சு கெடக்காரு, அவருக்குத் துணையா அவரு மகன். அந்த மகன் இவனுக்குத் தண்ணி மோந்து குடுக்காரு, தலையைத் தூக்கிப் பிடிச்சு டம்ளரை வாயில வைக்காரு. நல்ல மனுசன். இவங்க டிபன் கேரியரும் அவங்க டிபன் கேரியரும் ஒரே ஸ்டூல்லதான் இருந்துச்சு.

நான் பைய ஆரம்பிச்சேன். ‘நவநீதா, நாளைக்கு ஆபீசர் இங்க உன்கிட்ட வருவாரு. சார் கணக்குதான் நடத்துனாருன்னு சொல்லுடே. எனக்குக் கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கு’ன்னேன். கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு, நெசமாத்தான்.

 அவன் சொன்னான், ‘சொல்லல சார். ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னா நான் யாருன்னு மொதல்லேருந்து சொல்லணும்லா. இந்த வார்டுல யாருக்கும் தெரியாது. இங்க எல்லாரும் நல்லாப் பேசுதாவ. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க சார். அது போதும்.’

‘சொல்லுவேனாடே?’ன்னேன். தலையைத் தடவிக் குடுத்தேன். பாறாங்கல்லை எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. வேலை பொழைச்சுது, மானம் பொழைச்சுது.

வெளிய வரும்போது அந்த மகன் கூடவே வார்டு வாசல் வரைக்கும் வந்தாரு. ‘வாத்தியாருன்னா நீங்கதான் சார், ஒரு பையனுக்காக இவ்வளவு தூரம் வந்து கண்கலங்குதீயளே. பாவம், யாரு பெத்த புள்ளையோ. எந்த ஊரு, யாரு என்னன்னு அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா’ன்னாரு.

கேக்காரு. மரியாதையாக் கேக்காரு. நல்ல மனுசன், நம்மை மதிச்சுக் கேக்கும்போது என்ன சொல்ல? மூஞ்சில அடிச்ச மாதிரி தெரியாதுன்னா சொல்ல முடியும்? அவரு எந்தப் பக்கத்து ஆளுன்னும் நான் விசாரிச்சுட்டேன், விசயம் தெரிஞ்ச ஆளுதான். சொன்னேன். காதோரமாத்தான் சொன்னேன்.

 உள்ள போனாரு. ஸ்டூல்ல இருந்த அவரு டிபன் கேரியரை எடுத்தாரு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிக் கீழ வச்சாரு. டம்ளரைக் குழாயில கொண்டுபோயிக் கழுவினாரு. ஒரு தடவை கழுவினாரு, மறுபடியும் கழுவினாரு. அது அவரு இஷ்டம், நான் என்ன செய்ய?

நவநீதன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். பொறவு வாசலைப் பாத்தான். நான் நிக்கேன்.

எந்திரிச்சிட்டான் அண்ணாச்சி! அந்தக் கையோட. இடது கையில குத்தியிருந்த ஊசி பிய்ஞ்சு ரத்தம் சொட்டுது, குளுக்கோஸ் கம்பியே சாஞ்சு விழுந்துச்சு. தாய்க்காரி பிடிக்கா, உதறுதான். அடிக்கத்தான் வாரான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். அடிக்கல. வார்டு நடுவுல நின்னான். அந்தக் கட்டில், இந்தக் கட்டில், நர்ஸம்மா, துப்புரவு பாக்கிற பொம்பள, எல்லாரும் திரும்பிப் பாக்காவ.

அவன் பேரைச் சொன்னான். அவங்க அப்பன் பேரைச் சொன்னான். ஊரு, தெரு, இன்ன சாதின்னு பட்டவர்த்தனமாச் சொன்னான், கிளாஸ்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி சத்தமா. சொல்லிட்டு என்னைப் பாத்து, ‘நீங்க கஷ்டப்பட வேண்டாம் சார். நாளைக்கும் நானே சொல்லிக்கிடுதேன். எல்லாத்தையும்’ன்னான்.

தாய்க்காரி மகனைக் கட்டில்ல உக்கார வச்சா. அவன் கையில வழிஞ்ச ரத்தத்தைத் தன் முந்தானையால தொடச்சா. பொறவு வந்து, நான் நிக்கும்போதே வார்டு கதவைச் சாத்தினா.

சரின்னு சொன்ன பெய அண்ணாச்சி. வாய் நெறையச் சரின்னு சொன்ன பெய. ஒரு நிமிசத்துல இப்படி மாறிட்டானே, நான் அப்படி என்னத்தச் சொல்லிட்டேன்? பொய்யா சொன்னேன்? நீங்க சொல்லுங்க, நீங்க படிச்ச ஆளாத் தெரியுது. நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ஆபீசரு முன்னால போயி நான் என்ன சொல்லி நிக்க?